முதல் செலினைடு எது? உமாங்கைட், கிளாஸ்தலைட், நௌமன்னைட், டீமன்னைட்: ஓர் ஒப்பீடு

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் சிலர் ஞாயிறு மாலைகளில் கனிமங்களைப் பார்த்துப் பேசக் கூடுகிறோம். அங்கே வருகிறவர்களிடமிருந்து கொஞ்ச நாளாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. குவார்ட்ஸ், கால்சைட், கலீனா எல்லாம் சேர்த்தாயிற்று; அடுத்து ஒரு செலினைடு, அதாவது உலோகமும் செலினியமும் சேர்ந்த ஒரு கனிமம், வேண்டும்; ஒன்றுதான் வாங்க முடியும்; எதை வாங்குவது? திருவொற்றியூரில் பாடம் நடத்தும் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை கேட்டார். வியாசர்பாடியிலிருந்து போய் நிலவியல் படிக்கும் தம்பி கேட்டான். சௌகார்பேட்டை வெள்ளிப் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவரும் கேட்டார். மூவருமே விற்பனைக்கு வந்த கற்களின் படங்களைப் பார்த்துக் குழம்பிப் போனவர்கள். படத்தில் எல்லாம் சாம்பல் நிறம், எல்லாம் உலோகப் பளபளப்பு. பெயரும் விலையும்தான் வேறு.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு உமாங்கைட்தான் சரி. ஆனால் எந்தச் சுரங்கத்து உமாங்கைட் என்பது முக்கியம். சிலருக்கு வேறு கல்தான் பொருந்தும். ஆசிரியைக்கு நான் சொன்ன பதிலில் கனிமமே இல்லை. காரணங்களைக் கீழே எழுதுகிறேன்.

செலினைடு ஏன் அபூர்வம்

தனிம அட்டவணையில் செலினியம் கந்தகத்துக்கு நேர் கீழே இருக்கிறது. 1817-இல் சுவீடனில் ஒரு கந்தக அமிலத் தொழிற்சாலையில், ஃபாலுன் சுரங்கத்துப் பைரைட்டை எரித்த பிறகு மிஞ்சிய வண்டலில், பெர்சீலியஸ், கான் என்ற வேதியியலாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். பூமியின் மேலோட்டில் இதன் அளவு பத்துக் கோடியில் ஏறத்தாழ 5 பங்குதான். அதுவும் தனியாக நிற்பதில்லை. கந்தகமும் செலினியமும் அயனி அளவில் நெருக்கமானவை என்பதால், பைரைட், கால்கோபைரைட் போன்ற சல்பைடுகளுக்குள் கந்தகத்தின் இடத்தில் செலினியம் புகுந்து மறைந்துவிடுகிறது. கந்தகம் மிகக் குறைந்து, இரும்பெல்லாம் ஹேமடைட்டாக மாறும் அளவுக்கு ஆக்சிஜன் உள்ள நீர் பாறை விரிசல்களில் ஓடிய இடங்களில்தான் செலினியம் தன் பெயரில் கனிமம் அமைக்கிறது. செலினைடு மாதிரிகளில் அடிக்கடி சிவந்த ஹேமடைட்டும் வெள்ளைக் கால்சைட்டும் கூடவே வருவது இதனால்தான்.

உலகச் சந்தைக்கு வரும் செலினியத்தில் பெரும்பகுதி தாமிரத்தை மின்பகுப்பில் சுத்திகரிக்கும்போது தொட்டியின் அடியில் தங்கும் நேர்மின்முனைச் சேற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. செலினியத்துக்கென்றே யாரும் பெரிய சுரங்கம் தோண்டுவதில்லை. ஆகவே சந்தையில் இருக்கும் நல்ல மாதிரிகளில் பல, எப்போதோ மூடிய சுரங்கங்களிலிருந்து பழைய சேகரிப்புகள் வழியாகக் கைமாறி வருபவை. கனிமத்தின் பெயரும் சுரங்கமும் எழுதிக் கல்லோடு வரும் சீட்டுக்கு இங்கே இத்தனை மதிப்பு இருப்பதும் அதனால்தான்.

எதை வைத்து எடைபோடுவது

அழகை நான் முதல் அளவுகோலாக வைக்கவில்லை. முதல் கேள்வி: கருவி எதுவும் இல்லாமல், பத்து மடங்கு லென்சை மட்டும் வைத்துக்கொண்டு, இது இன்ன கல் என்று ஓரளவாவது சொல்ல முடியுமா? முடியாவிட்டால் நீங்கள் வாங்குவது சீட்டை மட்டுமே.

இரண்டாவது நச்சு. எல்லா செலினைடுகளையும் கவனத்தோடுதான் கையாள வேண்டும். ஆனால் தாமிரத்தோடு சேர்ந்த செலினியமும் பாதரசத்தோடு சேர்ந்த செலினியமும் ஒரே கவலை அல்ல. ராயபுரத்தில், தண்டையார்பேட்டையில் நம் வீடுகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு அறைகள். குழந்தை தவழும் அதே அறையில்தான் அலமாரியும் இருக்கிறது.

மூன்றாவது, நம் ஊர்க் காற்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிய வீடுகளில் ஜன்னல் கம்பி எத்தனை சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த உப்பும் ஈரமும் கல்லையும் விடாது.

நான்காவது, மறைமுகச் செலவு: சரிபார்ப்புக் கட்டணம், சுங்கம், பெட்டி, உடன் ஒட்டிவரும் வேண்டாத கனிமம். ஐந்தாவது, அந்தக் கல் நமக்கு என்ன கற்றுத் தருகிறது. எனக்கு இதுதான் மிக முக்கியம். இரண்டு கற்கள் மற்றவற்றில் சமமாக நின்றால் இதை வைத்துத்தான் முடிவெடுப்பேன்.

| | உமாங்கைட் | கிளாஸ்தலைட் | நௌமன்னைட் | டீமன்னைட் |
|---|---|---|---|---|
| அணுச் சேர்க்கை | தாமிரம் 3, செலினியம் 2 | ஈயம் 1, செலினியம் 1 | வெள்ளி 2, செலினியம் 1 | பாதரசம் 1, செலினியம் 1 |
| எடையில் உலோகம் | சுமார் 55% | சுமார் 72% | சுமார் 73% | சுமார் 72% |
| மோ கடினம் | 3 | 2.5 – 3 | 2.5 | 2.5 |
| அடர்த்தி (தண்ணீர் 1 என்றால்) | ஏறத்தாழ 6.5 | ஏறத்தாழ 8.2 | 7 – 8 | ஏறத்தாழ 8.2 – 8.4 |
| கண்ணுக்குத் தெரியும் அடையாளம் | சிவப்பு கலந்த ஊதா | கலீனாவைப் போன்ற நீலச் சாம்பல் | இரும்புக் கருமை. கத்தியில் சீவ வரும் | எஃகுச் சாம்பல் முதல் கருமை |
| எதோடு குழம்பும் | மற்றத் தாமிர செலினைடுகள், போர்னைட் | கலீனா | அகாந்தைட் | எதோடும் |
| வீட்டில் வைக்க | மூடிய பெட்டியில் வைக்கலாம் | மூடிய பெட்டியில் வைக்கலாம் | மூடிய பெட்டியில் வைக்கலாம் | குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம் |

உமாங்கைட்

அர்ஜென்டினாவின் லா ரியோகா மாகாணத்தில் உமாங்கோ மலைத்தொடர் இருக்கிறது. அங்கிருந்து வந்த மாதிரியை 1891-இல் ஃபிரெட்ரிக் கிளாக்மன் விவரித்தார். ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலை, சுவீடனின் ஸ்கிரிக்கெரம், பொலிவியாவின் பகாஹாக்கே, செக் நாட்டுச் சுரங்கங்கள் என்று பிறகு பல இடங்களில் கிடைத்தது. தனிப் படிகமாக அமைந்த உமாங்கைட்டைத் தேடிப் போகாதீர்கள். இது சிறுமணிகளாகத் திரண்ட கட்டியாகவே வரும்.

இதன் பலம் நிறம். புதிதாக உடைந்த பரப்பில் கருஞ்சிவப்பு. காற்றுப்பட்டால் நாவற்பழத் தோலின் ஊதா. சாம்பல் நிறக் கூட்டத்துக்குள் இது ஒன்றுதான் தன்னைத் தானே காட்டிக்கொள்கிறது. பக்கத்தில் நீலம் அல்லது பச்சைப் புள்ளிகள் இருந்தால் இன்னும் நல்லது. தாமிர செலினைடு மேற்பரப்பில் சிதையும்போது உருவாகும் கால்கோமெனைட் என்ற, ஆக்சிஜனும் சேர்ந்த நீலக் கனிமமாக அது இருக்கலாம்; வெறும் மாலகைட்டாகவும் இருக்கலாம். எப்படியானாலும் உள்ளே தாமிரம் இருப்பதற்கு அது சாட்சி. ஊதா நிறத்தைப் பார்த்ததும், தாமிரமும் கந்தகமும் உள்ள போர்னைட்டோ என்று சந்தேகம் வரும். போர்னைட்டின் புதிய உடைப்பு வெண்கலப் பழுப்பாக இருக்கும்; உமாங்கைட்டில் அந்தப் பழுப்பு கிடையாது.

நிலவியல் படிக்கிற தம்பிக்கு நான் இன்னொன்றும் சொன்னேன். கை லென்ஸ் வழியாகப் பார்ப்பதோடு நிறுத்தாமல், மெருகேற்றிய ஒரு துண்டைத் துறையில் உள்ள எதிரொளி நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கச் சொன்னேன். முனைவாக்கிய ஒளியில் மேடையைச் சுழற்றினால் ஒரே மணி சிவப்பூதாவிலிருந்து நீலச் சாம்பலுக்கு மாறி மாறிப் போகும். தாதுக் கனிமங்களில் இத்தனை கண்கூடான நிறமாற்றம் உள்ளவை கொஞ்சமே. தனியாக உமாங்கைட்டைச் சூடாக்கினால் சுமார் 113 டிகிரி செல்சியசில் அது வேறு இரண்டு தாமிர செலினைடுகளாகப் பிரிந்துவிடும். ஒரு பாறை நரம்பில் உமாங்கைட் இருக்கிறது என்றால், அந்த நரம்பு கடைசியாகச் சமநிலைக்கு வந்தபோது அந்த வெப்பத்துக்குக் கீழே இருந்திருக்கிறது என்று பொருள். ஒரு ஊதாக் கட்டி கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய வெப்பநிலையைச் சொல்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

இதே காரணத்தால், மாதிரியைப் பெட்டியில் ஒட்டுவதற்குச் சூடான பசைத் துப்பாக்கியைப் பயன்படுத்தாதீர்கள். கண்காட்சியில் வைக்கும்போது நெருக்கமாக ஆலசன் விளக்கும் வேண்டாம்.

இனி மறைமுகச் செலவுகள். செக் நாட்டுப் பிரெட்போரிட்சே, பெட்ரோவிட்சே, புகோவ் ஆகியவை யுரேனியச் சுரங்கங்கள். கனடாவின் அதபாஸ்கா ஏரி வட்டாரமும் அப்படியே. அங்கிருந்து வரும் உமாங்கைட்டோடு யுரேனியக் கனிமமும் ஒட்டியிருக்கலாம். கதிர்வீச்சு அளவி வைத்திருக்கும் அனுபவசாலிக்கு அது சிக்கல் இல்லை. முதல் செலினைடு வாங்குகிறவர் அதைத் தவிர்ப்பதே நல்லது. ஹார்ட்ஸ் மாதிரிகளில் வேறு சிக்கல்: அங்கே உமாங்கைட், கிளாஸ்தலைட், டீமன்னைட் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். சீட்டில் உமாங்கைட் என்று மட்டும் இருந்தாலும் உள்ளே பாதரச செலினைடும் இருக்கலாம். கேட்டு எழுதி வாங்குங்கள். அர்ஜென்டினா மாதிரி நியாயமான விலைக்குக் கிடைத்தால் என் கை முதலில் அதற்குத்தான் போகும்.

சரிபார்க்க வேண்டுமென்றால் தாமிர செலினைடுகள் ஒரு விதத்தில் எளிது. மின்னணு நுண்ணோக்கியோடு இணைந்த எக்ஸ் கதிர் நிறமாலைச் சோதனையில் அணு விகிதம் 60:40 என்று வந்தால் உமாங்கைட். 50:50 என்றால் கிளாக்மன்னைட். 67:33 என்றால் பெர்சீலியனைட் அல்லது அதன் நெருங்கிய உறவு. பல்கலைக்கழகக் கருவி மையங்களில் கட்டணம் கட்டினால் இதைச் செய்து தருவார்கள். ஆனால் சிறிய மாதிரிக்குச் சோதனைக் கட்டணமே கல்லின் விலையைத் தாண்டிவிடலாம். வாங்கும் முன் இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

கிளாஸ்தலைட்

செலினைடுகளில் பரவலாகக் கிடைப்பது இது. ஆகவே விலையிலும் பொதுவாக எளியது. ஹார்ட்ஸ் மலையின் கிளாஸ்தால் ஊரில் கிடைத்ததால், 1832-இல் பியூடாண்ட் இந்தப் பெயரை வைத்தார். கட்டமைப்பு ஈய சல்பைடான கலீனாவுடையதே, அதாவது சமையலுப்பின் கனசதுர அடுக்கு. கந்தகம் இருந்த இடத்தில் செலினியம் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. செலினிய அயனி சற்றுப் பெரியது என்பதால் படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் அலகுக் கனசதுரத்தின் பக்கம் கலீனாவில் இருக்கும் 5.94 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 6.12-க்கு விரிகிறது. இரண்டுக்கும் நடுவே எந்த விகிதத்திலும் கலவை இருக்க முடியும்.

இதன் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. கண்ணால் பார்த்து நல்ல கிளாஸ்தலைட்டையும் நுண்மணிக் கலீனாவையும் யாராலும் உறுதியாகப் பிரிக்க முடியாது. அடர்த்தி உதவுமா என்று வெள்ளிப் பட்டறைப் பெரியவர் கேட்டார். தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்க்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. கலீனா 7.6, கிளாஸ்தலைட் 8.2-க்கு மேல். தூய கட்டி என்றால் அவருடைய தராசில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ஆனால் நமக்குக் கிடைப்பது கால்சைட்டுக்குள்ளும் ஹேமடைட்டுக்குள்ளும் நரம்பாக ஓடும் கிளாஸ்தலைட். மொத்தக் கல்லின் எடை எதையும் சொல்லாது.

ஆய்வகத்துக்குப் போனாலும் ஒரு பொறி இருக்கிறது. மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எக்ஸ் கதிர் நிறமாலையில் கந்தகத்தின் முக்கியக் கோடும் ஈயத்தின் ஒரு கோடும் ஏறக்குறைய ஒரே ஆற்றலில், 2.3 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகில், ஒன்றன்மேல் ஒன்று விழும். செலினியம் இருக்கிறதா என்பதைச் சோதனை சொல்லிவிடும். கூடவே எவ்வளவு கந்தகம் இருக்கிறது என்பதில் எளிதாகத் தவறு நேரும். எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் சோதனையில் அலகுக் கனசதுரத்தின் அளவைப் பார்ப்பதுதான் தெளிவான வழி. 6.12-க்குப் பக்கத்தில் இருந்தால் கிளாஸ்தலைட். நடுவில் எங்காவது நின்றால் கலவை.

இந்தச் சிக்கலே கிளாஸ்தலைட்டைப் பாடத்துக்கு அருமையான கல்லாக ஆக்குகிறது. திடக்கரைசல், அதாவது ஒரே படிகத்துக்குள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று கலப்பது, என்றால் என்ன என்பதை ஒரு கலீனாவும் ஒரு கிளாஸ்தலைட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து விளக்கிவிடும். இதே சேர்க்கையைச் செயற்கையாகச் செய்து அகச்சிவப்பு உணரிகளாகப் பயன்படுத்துகிறார்கள். நம் கண்ணுக்குத் தெரியாத 3 முதல் 5 மைக்ரோமீட்டர் அலைநீள ஒளிக்கு ஈய செலினைடு மின்கடத்தும் தன்மையை மாற்றிக்கொள்கிறது. வாயு உணரிகளிலும் தீச்சுடர் கண்டறியும் கருவிகளிலும் அது பயன்பட்டிருக்கிறது. மணலி ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்ல நல்ல செய்தி.

ஆய்வகத்தில் கால்பதிக்க வாய்ப்புள்ள மாணவருக்கும், ஏற்கெனவே நல்ல கலீனா வைத்திருப்பவருக்கும் இது உமாங்கைட்டைவிடச் சிறந்த தேர்வு. வெறுமனே பார்த்து ரசிக்க நினைப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

நௌமன்னைட்

ஹார்ட்ஸ் மலையின் டில்கெரோட் பகுதிக் கனிமம். 1828-இல் குஸ்தாவ் ரோஸ் விவரித்தார். பிறகு கனிமவியலாளர் நௌமன் பெயரை ஹைடிங்கர் வைத்தார். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சில்வர் சிட்டி, டிலமார் வட்டாரத்தில் இது வெள்ளித் தாதுவாகவே வெட்டி எடுக்கப்பட்டது. எடையில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு வெள்ளி. கத்தி முனையால் அழுத்தினால் தூளாகாமல் சீவல் வரும். உலோகத்தோடு பழகிய விரலுக்கு அது உடனே புரியும்.

சௌகார்பேட்டைப் பெரியவரின் மனம் இதன்மேல்தான் இருந்தது. அவர் தேர்வு சரி என்றுதான் நானும் சொன்னேன். ஒரு எச்சரிக்கை மட்டும். வெள்ளி சல்பைடான அகாந்தைட்டும் இப்படியே கறுப்பு, இப்படியே சீவ வரும். இரண்டுக்கும் நடுவில், கந்தகமும் செலினியமும் கலந்த அகிலாரைட் என்ற கனிமமும் உண்டு. சீட்டு இல்லாத நௌமன்னைட்டுக்கு நௌமன்னைட் விலை கொடுக்காதீர்கள். வெள்ளி இருக்கிறதே என்று உருக்கிப் பார்க்கும் எண்ணம் யாருக்கும் வர வேண்டாம். வெளியேறும் செலினியப் புகை நுரையீரலுக்குக் கேடு. சிறு மாதிரியில் கிடைக்கும் வெள்ளியைவிட அந்தக் கல்லின் மதிப்பு எப்போதும் அதிகம்.

சுமார் 133 டிகிரி செல்சியசில் இதன் படிக அமைப்பு கனசதுரமாக மாறுகிறது. அந்த நிலையில் வெள்ளி அயனிகள் திடப்பொருளுக்குள்ளேயே திரவத்தில் போல ஓடத் தொடங்கும். பழைய மாதிரிகளில் கனசதுர வெளித்தோற்றம் இருந்தால், சூடாகப் பிறந்து ஆறும்போது உள்ளே மாறியது என்று ஊகிக்கலாம். கண்ணுக்குத் தெரியும் படிகங்கள் உள்ள மாதிரிகள் நால்வரில் விலை உயர்ந்தவை. பணம் ஒரு தடையாக இல்லாதபோது மட்டுமே இதை முதல் கல்லாக வாங்குங்கள்.

டீமன்னைட்

அறிவியலின்படி பார்த்தால் நான்கில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான். இருந்தும் பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்கிறேன்.

ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது 1856-இல். அதற்கு முந்தைய ஆண்டு, ஹார்ட்ஸ் மலையின் சோர்கேயிலிருந்து வந்த இந்தப் பாதரச செலினைடுக்கு, கண்டெடுத்த டீமன் என்ற சுரங்க அறிஞரின் பெயரை நௌமன் வைத்தார். மேலே சொன்ன அதே நௌமன். பொதுவாகக் கட்டியாகவே வரும். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் மேரிஸ்வேலில் கண்ணுக்குத் தெரியும் படிகங்கள் கிடைத்தன. அவை மிக விரும்பப்படுபவை.

கடலுக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. டால்பின், திமிங்கிலம் போன்ற கடல் பாலூட்டிகளின் கல்லீரலில் நுண்ணிய பாதரச செலினைடு மணிகளை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மீனோடு சேர்ந்து உடலுக்குள் வரும் பாதரசத்தை, செலினியத்தோடு பிணைத்துக் கரையாத மணியாக உடல் ஒதுக்கி வைக்கிறது. ஹார்ட்ஸ் மலைப் பாறைக்குள் நடந்த அதே இணைப்பு ஓர் உயிரின் கல்லீரலிலும் நடக்கிறது. காசிமேட்டில் மீன் வாங்கும் நமக்கு இது பாடப்புத்தகத்துச் செய்தியாக மட்டும் இருக்க முடியாது. நம் உடலுக்கும் செலினியம் தேவை. பெரியவர்களுக்கு நாளைக்கு 55 மைக்ரோகிராம், அதிகபட்சம் 400 வரை. அந்தச் சிறு அளவில் ஒரு பகுதி மீனிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

கரையாத கனிமம் என்றால் ஏன் பயம்? அறை வெப்பத்தில், பெட்டிக்குள், யாரும் தொடாமல் இருக்கும் டீமன்னைட் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் இது மிருதுவான கல், உதிர்ந்தால் தூள். சூடானால் பாதரசமும் செலினியமும் ஆவியாக வெளியேறும். பிள்ளைகள் எட்டும் இடத்தில், அடுப்பு இருக்கும் அதே அறையில், இதை வைக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பாதரசம் என்ற சொல்லைப் பார்த்ததுமே கூரியர்காரர் எடுக்க மறுக்கலாம். பிற்பாடு வேண்டாம் என்று நினைத்தால் குப்பைத் தொட்டியில் போடவும் முடியாது. கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய பொருள் அல்ல இது. பூட்டிய அலமாரியும், தனக்குப் பிறகு யாரிடம் போக வேண்டும் என்ற தெளிவும் உள்ள சேகரிப்பாளருக்கு மட்டுமே டீமன்னைட்.

பள்ளிக்கு: துத்தநாக செலினைடு லென்ஸ்

ஆசிரியை ஐம்பது பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றார். ஐம்பது பிள்ளைகள் என்றால் யாராவது ஒருவர் தொடத்தான் செய்வார்கள். அவருக்கு நான் சொன்னது, அக்ரிலிக் பலகையும் மரமும் வெட்டும் கார்பன் டை ஆக்சைடு லேசர் இயந்திரத்தின் லென்ஸ். அது துத்தநாக செலினைடு. 18 அல்லது 20 மில்லிமீட்டர் விட்டமும் 50.8 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் உள்ள வில்லைகள் பரவலாக விற்கின்றன. இயற்கையில் இதே சேர்க்கை ஸ்டில்லைட் என்ற பெயரில் இருக்கிறது. காங்கோவின் ஷிங்கோலோப்வே சுரங்கத்திலிருந்து 1956-இல் ராம்டோர் விவரித்தது. அது நுண்ணோக்கியில் மட்டுமே பார்க்கக்கூடிய மணி, வகுப்பறைக்கு ஆகாது.

லென்ஸ் மஞ்சள் ஆரஞ்சு நிறத்தில் ஒளி ஊடுருவும். நீல ஒளியை விழுங்கி மற்றதை விடுவதால் அந்த நிறம். லேசரின் 10.6 மைக்ரோமீட்டர் ஒளியைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். இது அப்படியே விடும். உலோகமும் செலினியமும் சேர்ந்தால் கறுப்புக் கட்டிதான் வரும் என்று நினைத்த பிள்ளைகளுக்கு இந்த வில்லையைக் காட்டினால் வகுப்பு முழுக்கக் கேள்வி கிளம்பும். பகுதியில் லேசர் வெட்டும் பட்டறை இருந்தால் விசாரிக்கலாம். கீறல் விழுந்ததை வாங்கலாம். கருகியதோ உடைந்ததோ வேண்டவே வேண்டாம், அந்தத் தூள் நச்சு. வெளிப்படையான மூடிய டப்பாவுக்குள் வைத்து, டப்பாவைத்தான் கைமாற்ற வேண்டும். அமிலம் வைத்திருக்கும் அலமாரியில் சேர்த்து வைக்கக் கூடாது. துத்தநாக செலினைடும் அமிலமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் செலினைடு வாயு வரும், அது மிகக் கொடிய நச்சு.

ஆசை காட்டும் மற்றவை

ஸ்கிரிக்கெரம் சுரங்கத்தின் பெர்சீலியனைட், யூகைரைட் இரண்டும் வரலாற்றுச் சுவை உள்ளவை. யூகைரைட் தாமிரமும் வெள்ளியும் கலந்த செலினைடு. செலினியம் கண்டுபிடித்த மறு ஆண்டே, 1818-இல், பெர்சீலியஸ் அதை ஆராய்ந்து எழுதினார். ஆனால் இரண்டுமே வெள்ளி நிறத்தில் தொடங்கிக் காற்றில் சீக்கிரம் மங்கும். நம் கடற்கரைக் காற்றுக்கு இவை முதல் தேர்வாக முடியாது.

குரூக்சைட் என்று ஒன்று விற்பனைக்கு வந்தால் விலகியே இருங்கள். அதில் தாலியம் இருக்கிறது. தாலியத்தை வில்லியம் குரூக்ஸ் 1861-இல் கண்டுபிடித்ததே டில்கெரோட் கந்தக அமிலத் தொழிற்சாலையின் செலினிய வண்டலில்தான்; கதை அழகானது, உலோகம் கொடிய விஷம்.

வடசென்னையில் வைத்துக்கொள்வது

கல் வந்ததும் கழுவ வேண்டும் என்ற பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். நம் பகுதியில் பல வீடுகளின் போர் தண்ணீர் உப்பு. ஈரத்துணியும் வேண்டாம், மென்மையான தூரிகையால், வாயும் மூக்கும் மூடிக்கொண்டு, திறந்த இடத்தில் தட்டி எடுத்தால் போதும். ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத டப்பா, உள்ளே ஒரு சிலிகா ஜெல் பொட்டலம், அதை மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றும் பொறுமை. வேறு பெரிய செலவு இல்லை. திறந்த தட்டிலோ சாமி படத்துக்குப் பக்கத்திலோ வைத்தால் சில மழைக்காலங்களில் உமாங்கைட் மேற்பரப்பு கறுத்துப் போகும். உள்ளே நிறம் அப்படியேதான் இருக்கும். அதைப் பார்க்க உடைக்க ஆசைப்படாதீர்கள்.

எந்த செலினைடையும் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பழைய நூல்களில் கரித்துண்டில் வைத்து ஊதினால் அழுகிய முள்ளங்கி வாடை வரும், அதுதான் செலினியத்துக்குச் சோதனை என்று இருக்கும். அறிவியல்படி அது உண்மை. இன்று வீட்டில் யாரும் செய்ய வேண்டிய சோதனை அல்ல.

பத்து மடங்கு லென்சைச் சௌகார்பேட்டையில் நகைப் பட்டறைக் கருவி விற்கும் கடைகளில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். முதல் கல்லுக்கு முன் முதல் லென்ஸ். வரிசை மாறினால் கல்லில் போட்ட பணம் பாதி வீண்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

எந்தச் சுரங்கம், எந்த ஊர், எந்த நாடு? ‘ஜெர்மனி’ என்று மட்டும் சொன்னால் போதாது. பழைய சேகரிப்பாளரின் சீட்டு கூட வருகிறதா? வந்தால் அதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய கையெழுத்துச் சீட்டு கல்லோடு சேர்ந்ததே. அடையாளம் கண்ணால் கண்டதா, கருவியால் கண்டதா? கருவி என்றால் எந்தக் கருவி? கூடவே பாதரசமோ யுரேனியமோ உள்ள கனிமம் இருக்கிறதா? இதற்கு எழுத்தில் பதில் கேளுங்கள். சுங்க வரி போட்டால் யார் தலையில் விழும் என்பதையும் பணம் அனுப்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

இவற்றுக்குத் தெளிவான பதில் வரும் சிறிய உமாங்கைட்டையும், பதில் வராத பெரிய உமாங்கைட்டையும் ஒரே விலைக்குக் காட்டினால் சிறியதை எடுங்கள். வியாசர்பாடித் தம்பி கடைசியில் கிளாஸ்தலைட் பக்கம் சாய்ந்திருக்கிறான். துறையில் விளிம்பு விலகல் கருவி இருப்பதால் அவனுக்கு அது பொருத்தம். அவன் அளந்து வரும் அலகுக் கனசதுரத்தின் பக்கம் 5.94-க்கும் 6.12-க்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பார்க்க நாங்களும் காத்திருக்கிறோம்.